நெஸ்டட் ஐஎஃப்-ஐ விட்டுட்டு லுக்கப்புக்கு மாறுறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஸ்டட் ஐஎஃப்னா எக்செல்ல ஒரு ஐஎஃப்புக்குள்ள இன்னொரு ஐஎஃப்னு அடுக்கடுக்கா எழுதறது, லுக்கப்னா எல்லையையும் விடையையும் ஒரு டேபிள்ல வெச்சு அங்க போய் தேடி எடுக்கறது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இங்க பார்முலா எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் போட்டிருக்கேன், வாய்விட்டுப் படிச்சா புரியணும்னு. ஷீட்ல அடிக்கும்போது வழக்கம்போல இங்கிலீஷ்லயே அடிங்க. டாலர் குறி, கமா, மேற்கோள் குறி எல்லாம் இங்க இருக்கற மாதிரியேதான்.

ஐஎஃப் போட்டு எனக்கு நல்லாத்தானே வேலை செய்யுது, எதுக்கு மாத்தணும்?

நானும் ரொம்ப நாள் இதையேதான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மார்க் ஷீட் போட்டுக் குடுத்துட்டு இருந்தப்ப, ஏ1ல இருந்து ஈ2 வரைக்கும் ஒம்பது கிரேடு, அதுக்கு எட்டு ஐஎஃப். டி காலத்துல (அதாவது டிங்கற நெடுவரிசைல) மார்க், ஈ காலத்துல கிரேடு, பார்முலா இப்படி ஆரம்பிக்கும்:

=ஐஎஃப்(டி2>=91,"ஏ1",ஐஎஃப்(டி2>=81,"ஏ2",ஐஎஃப்(டி2>=71,"பி1",ஐஎஃப்(டி2>=61,"பி2", இப்படியே போய் கடைசில எட்டு அடைப்புக்குறி மூடும்.

ரெண்டு வருஷம் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் ஒரு பரீட்சைல ஒரு பொண்ணு வரல, டீச்சர் மார்க் போடற எடத்துல ஆப்சென்ட்டுங்கறதுக்கு "ஏபி"ன்னு அடிச்சிருக்காங்க, ரிப்போர்ட் கார்டு பிரிண்ட் ஆகி வீட்டுக்கும் போயிருச்சு. மறுநாள் அந்தப் பொண்ணோட அம்மா நேர்ல வந்து, "சார், அன்னிக்கு எம்பொண்ணு காய்ச்சல்ல படுத்திருந்தா, கணக்குல ஏ1ன்னு போட்டிருக்கீங்க"ன்னு கார்டை நீட்டினாங்க. நேர்மையா வந்து சொன்னாங்களேன்னு இருந்துச்சு, ஆனா அந்த நிமிஷம் எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

காரணம் என்னன்னா, எக்செல்ல ஒரு எழுத்தையும் ஒரு நம்பரையும் ஒப்பிட்டா எழுத்துதான் எப்பவும் பெருசு. "ஏபி" பெருசா 91 பெருசான்னு கேட்டா "ஏபி"ன்னுதான் சொல்லும், அதனால மொத ஐஎஃப்லயே ஏ1 வாங்கிட்டு வெளிய வந்துரும். எர்ரர் எதுவும் காட்டாது. இது மாதிரி சத்தமே இல்லாம நடக்கற தப்புதான் ரொம்ப மோசம், அன்னிக்குதான் ஒக்காந்து எல்லாத்தையும் லுக்கப்புக்கு மாத்தினேன்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது இதைவிட முக்கியம்னு நினைக்கறேன். கிரேடு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுங்கறது பள்ளிக்கூடம் முடிவு பண்ற விஷயம். அதை பார்முலாக்குள்ள ஒளிச்சு வெச்சா எழுதினவனுக்கு மட்டும்தான் தெரியும், டேபிளா வெளிய வெச்சா ஹெட்மாஸ்டரே பாத்து "இது தப்பு"ன்னு சொல்லிடுவாங்க.

எத்தனை ஐஎஃப் வரைக்கும் போடலாம்?

எக்செல் 2003 வரைக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா 7 அடுக்குதான் விடும். என்னோட எட்டு ஐஎஃப் இருக்கே, வெளிய ஒண்ணு உள்ள ஏழு, சரியா அந்த எல்லையில போய் நிக்கும். 2007ல இருந்து 64 அடுக்கு. ஆனா 64 போடலாம்னு விட்டிருக்காங்கங்கறதுக்காக போடணும்னு இல்ல. மூணைத் தாண்டுச்சுன்னா டேபிள் போட்டுருங்க, இது நான் எனக்கு வெச்சிருக்கற கணக்கு.

சரி, அதே கிரேடை லுக்கப்ல எப்படி எடுக்கறது?

ஷீட்ல ஒரு ஓரமா, ஜி காலத்துல கீழ்எல்லையும் எச் காலத்துல கிரேடும் போடுங்க:

0 – ஈ2
21 – ஈ1
33 – டி
41 – சி2
51 – சி1
61 – பி2
71 – பி1
81 – ஏ2
91 – ஏ1

அப்புறம் பார்முலா இவ்வளவுதான்:

=விலுக்கப்(டி2,$ஜி$2:$எச்$10,2,ட்ரூ)

மார்க் 85னு வெச்சுக்கோங்க, அது டேபிள்ல 85ஐ விட பெருசா போகாம எவ்வளவு தூரம் இறங்க முடியுமோ இறங்கும், 81ல நிக்கும், பக்கத்துல இருக்கற ஏ2வை எடுத்துட்டு வரும். மேல்எல்லையை எழுதவே வேண்டாம், அடுத்த வரியோட கீழ்எல்லைதான் இதுக்கு மேல்எல்லை. நாளைக்கு 33ஐ 35ஆ மாத்தணும்னா ஒரே ஒரு செல்லை மாத்தினா போதும், அந்த ஷீட்ல இருக்கற எல்லா கிரேடும் தானா மாறிரும்.

அந்த டாலர் குறியை மட்டும் மறந்துராதீங்க, எஃப்4 கீயை ஒரு தட்டு தட்டினா தானா வரும். இல்லாம கீழ இழுத்தா டேபிளும் கூடவே ஒரு ஒரு வரியா கீழ நழுவும். ரெண்டாவது பையனுக்கே 0 வரி காணாமப் போயிரும், ஆனா அவன் 60 மார்க் வாங்கியிருந்தா சரியாத்தான் வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது, இன்னும் கீழ போகப்போகத்தான் #என்/ஏ, அதாவது தேடினது கிடைக்கலங்கற எர்ரர், கொட்ட ஆரம்பிக்கும். மேல மட்டும் பாத்துட்டு சரின்னு சேவ் பண்றவங்க இங்கதான் மாட்டறாங்க.

கடைசில ட்ரூவா ஃபால்ஸா, எது போடணும்?

ரேஞ்சுக்கு ட்ரூ, பேருக்கு ஃபால்ஸ். மார்க், எடை, சம்பளம், தேதி மாதிரி "இதுல இருந்து இது வரைக்கும்"னு வர்றதுக்கெல்லாம் ட்ரூ. பொருள் பேரு, ரோல் நம்பர், ஊர் பேரு மாதிரி அச்சு அசலா அதேதான் இருக்கணும்னா ஃபால்ஸ். ஒண்ணுமே போடாம விட்டா எக்செல் அதை ட்ரூன்னு எடுத்துக்கும், ரோல் நம்பர் தேடறப்ப பக்கத்துப் பையனோட மார்க் வர்றதுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். அதனால எப்பவுமே எழுதிருங்க, விடாதீங்க.

டேபிளை பெருசுல இருந்து சின்னதா அடுக்கி வெச்சேன், எல்லாம் தப்பா வருதே?

ஆமா, வரும். ட்ரூ போட்டா டேபிள் சின்னதுல இருந்து பெருசாத்தான் இருக்கணும், வேற வழியே இல்ல. அது ஒண்ணொண்ணா தேடறதில்ல, டிக்ஷனரில வார்த்தை தேடற மாதிரி நடுப்பக்கத்தைத் திறந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பாத்து பாதிப் பாதியா குறைச்சுட்டுப் போகும்.

மேல இருக்கற டேபிளையே தலைகீழா, 91 மேல 0 கீழன்னு வெச்சு 85ஐ தேடச் சொல்லுங்க. நடுவுல இருக்கறது 51. 85 அதைவிட பெருசு, அப்ப கீழ்ப்பாதிலதான் இருக்கும்னு நினைச்சு இறங்கும், 41, 33, 21ன்னு எதைப் பாத்தாலும் 85 பெருசாவே இருக்கும், கடைசி வரில 0ல போய் நின்னு ஈ2ன்னு குடுக்கும். எம்பத்தஞ்சு வாங்கின பையனுக்கு ஈ2! அதே டேபிள்ல 30ஐ தேடினா மேல போய் ஒண்ணும் கிடைக்காம #என்/ஏ வரும். நல்ல மார்க் வாங்கினவங்களுக்கு தப்பு கிரேடு, கம்மியா வாங்கினவங்களுக்கு எர்ரர், இப்படி ஒரு ஷீட் பாத்தீங்கன்னா வேற எங்கயும் தேடாதீங்க, டேபிளோட வரிசையைப் பாருங்க.

ஆப்சென்ட் ஆனவங்களுக்கும் காலி செல்லுக்கும் என்ன பண்றது?

லுக்கப்புக்கு மாறினா "ஏபி" இருக்கற எடத்துல #என்/ஏ வரும், நம்பர் டேபிள்ல எழுத்தைத் தேடினா கிடைக்கலன்னு சொல்லிடும். ஏ1 வர்றதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனா காலி செல் விஷயம் வேற, காலியை அது 0ன்னு எடுத்துக்கும், ஈ2 போட்டுரும், இன்னும் மார்க்கே போடாத பிள்ளைக்கு ஈ2. அதனால ரெண்டுக்கும் சேத்து, உள்ள இருக்கறது நம்பர்தானான்னு இஸ்நம்பர் வெச்சு கேக்கற ஒரே ஒரு ஐஎஃப்:

=ஐஎஃப்(இஸ்நம்பர்(டி2),விலுக்கப்(டி2,$ஜி$2:$எச்$10,2,ட்ரூ),"வரல")

சராசரி 91ன்னு காட்டுது, கிரேடு ஏ2ன்னு வருது. லுக்கப் தப்பு பண்ணுதா?

லுக்கப் தப்பு பண்ணல. அந்த செல்லை கிளிக் பண்ணிட்டு டெசிமலைக் கூட்டிப் பாருங்க, உள்ள 90.5ன்னு இருக்கும். ஃபார்மேட்ல டெசிமல் இல்லாம வெச்சிருக்கறதால கண்ணுக்கு 91, ஆனா பார்முலாவுக்கு அது 91ஐ விட சின்னது. ரவுண்ட் பண்றதா வேண்டாமான்னு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு, பண்ணலாம்னா டி2க்கு பதிலா ரவுண்ட்(டி2,0)ன்னு போடுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க.

ஐஎஃப்ல "81க்கு மேல, 90க்கு கீழ"ன்னு ரெண்டு பக்கமும் எல்லை போட்டு எழுதறவங்களுக்கு இதே 90.5 இன்னும் மோசம், அது எந்த ரேஞ்சுலயும் சேராம ஓட்டைல விழுந்து கடைசி கிரேடுக்குப் போயிரும். டேபிள்ல அந்த ஓட்டையே கிடையாது.

விலுக்கப், எக்ஸ்லுக்கப், இன்டெக்ஸ் மேட்ச், எதைக் கத்துக்கறது?

விலுக்கப் 1985ல மேக்குக்கு வந்த மொத எக்செல்லயே இருந்துச்சு, எந்த கம்ப்யூட்டர்ல போய் ஒக்காந்தாலும் இருக்கும். அதோட குறை ரெண்டு. தேடற காலத்துக்கு வலது பக்கம் இருக்கறதை மட்டும்தான் எடுக்கும், அப்புறம் டேபிள்ல எத்தனாவது காலத்தை எடுக்கணும்னு சொல்ற அந்த "2"ங்கற நம்பர் இருக்கே, டேபிளுக்கு நடுவுல யாராவது ஒரு காலத்தை நுழைச்சா அது 3ஆ மாறாது, அப்படியே நின்னு வேற எதையோ எடுத்துட்டு வரும்.

எக்ஸ்லுக்கப்ல ரெண்டும் இல்ல:

=எக்ஸ்லுக்கப்(டி2,$ஜி$2:$ஜி$10,$எச்$2:$எச்$10,"இல்லை",-1)

கடைசில இருக்கற -1 "அதே நம்பர் இல்லன்னா அதுக்கு அடுத்த சின்னதை எடு"ன்னு அர்த்தம், டேபிள் எந்த வரிசைல இருந்தாலும் சரியா வரும். ஒண்ணும் போடலன்னா அச்சு அசலாத்தான் தேடும், விலுக்கப்புக்கு நேர் எதிர்.

ஆனா இது 2019ல அறிவிச்சது, எக்செல் 2021லயும் அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷன்லயும் 365லயும்தான் இருக்கு. 2016, 2019 வெச்சிருக்கறவங்களுக்கு ஃபைல் அனுப்பினா அங்க இந்தப் பேரே தெரியலன்னு #நேம்? வந்து நிக்கும். கூகுள் ஷீட்ஸ்ல 2022லயும் லிப்ரே ஆபீஸ்ல 24.8 வெர்ஷன்லயும் வந்துருச்சு. ஃபைல் உங்க கையைத் தாண்டிப் போகாதுன்னா எக்ஸ்லுக்கப், ஊர் சுத்தப் போகுதுன்னா இன்டெக்ஸ் மேட்ச். மேட்ச் எத்தனாவது எடத்துல இருக்குன்னு தேடும், இன்டெக்ஸ் அந்த எடத்துல இருக்கறதை எடுக்கும், உதாரணம் கீழ ஜிஎஸ்டி கேள்வில இருக்கு. நான் இன்னிக்கும் ஆபீஸ்ல இன்டெக்ஸ் மேட்ச்தான் போடறேன், ஆடிட்டர் ஆபீஸ்ல என்ன வெர்ஷன் இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

ஐஎஃப்எஸ், ஸ்விட்ச் எல்லாம் வந்துருச்சே, அது போதாதா?

நிபந்தனையை எல்லாம் ஒரே பார்முலால வரிசையா எழுதலாம், அடைப்புக்குறித் தொல்லை போகும், அவ்வளவுதான். விதி இன்னும் பார்முலாக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு, மாத்தணும்னா எல்லா ஷீட்டையும் திறக்கணும். ஐஎஃப்எஸ்லயும் "ஏபி" ஏ1தான் வாங்கும்.

ரேட் நடுவுல மாறுது, பழைய பில்லுக்கு பழைய ரேட்டும் புது பில்லுக்கு புது ரேட்டும் வேணும். முடியுமா?

முடியும், லுக்கப்போட அருமையே இங்கதான் தெரியும். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ரேட் மாறுச்சு இல்லையா, நான் வேலை பாக்கற டிஸ்ட்ரிபியூட்டர் கடைல தலைமுடி எண்ணெய், சோப்பு, டூத்பேஸ்ட் எல்லாம் 18ல இருந்து 5 ஆச்சு, நெய், வெண்ணெய் 12ல இருந்து 5. அதுக்கு முன்னாடி ஷீட்ல "சோப்பா இருந்தா 18, நெய்யா இருந்தா 12"ன்னு ஐஎஃப் வரிசையா போட்டிருந்தா அதை எல்லாம் 5ன்னு மாத்தணும், மாத்தின அந்த நிமிஷமே ஆகஸ்ட் மாச பில்லும் சேந்து மாறிரும். ரிட்டர்ன் ஃபைல் பண்ணின கணக்கு கண்ணு முன்னாடி மாறிப்போயிரும்.

இதுக்கு தனியா "ரேட்"னு ஒரு ஷீட் போட்டுக்கோங்க. ஏ காலத்துல பொருள் பேரு. மொத வரில பி1ல 1-7-2017, சி1ல 22-9-2025, அதாவது அந்த ரேட் எந்தத் தேதில இருந்து செல்லுங்கறது. கீழ ரேட்:

தலைமுடி எண்ணெய் – 18 – 5
நெய் – 12 – 5
சிமெண்ட் – 28 – 18

பில் ஷீட்ல பி2ல பொருள், ஏ2ல பில் தேதி இருந்தா:

=இன்டெக்ஸ்(ரேட்!$பி$2:$எச்$200,மேட்ச்(பி2,ரேட்!$ஏ$2:$ஏ$200,0),மேட்ச்(ஏ2,ரேட்!$பி$1:$எச்$1,1))

மொத மேட்ச்ல 0, பொருள் பேரு அச்சு அசலா இருக்கணும். ரெண்டாவதுல 1, தேதி ரேஞ்சு. 20-9-2025 தேதி நெய் பில்லுக்கு 12 வரும், 22க்கு 5 வரும். ஆகஸ்ட்ல வித்த சரக்கு அக்டோபர்ல திரும்பி வந்து கிரெடிட் நோட் போடறப்பகூட பழைய பில் தேதியைக் குடுத்தா பழைய ரேட் வந்துரும். எச் வரைக்கும் காலியா விட்டிருக்கேன் பாருங்க, அடுத்த தடவை ரேட் மாறினா டி1ல ஒரு தேதி போட்டு கீழ ரேட்டை நிரப்பினா முடிஞ்சுது, பார்முலாவைத் தொடவே வேண்டாம்.

வருமான வரி மாதிரி ஸ்லாப் கணக்கு? அது வெறும் ரேட் எடுக்கறது இல்லையே.

சரிதான், அங்க ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தனித்தனியா கணக்குப் போட்டுக் கூட்டணும். அதுக்கு மூணாவதா ஒரு காலம் வேணும், "இந்த எல்லை வரைக்கும் ஏற்கெனவே சேந்த வரி எவ்வளவு"ன்னு. 2025-26 நிதியாண்டு புது முறைப்படி கீழ்எல்லை, அதுவரைக்கும் சேந்த வரி, அதுக்கு மேல விகிதம்:

0 – 0 – 0%
4,00,000 – 0 – 5%
8,00,000 – 20,000 – 10%
12,00,000 – 60,000 – 15%
16,00,000 – 1,20,000 – 20%
20,00,000 – 2,00,000 – 25%
24,00,000 – 3,00,000 – 30%

வரிக்கு உட்பட்ட வருமானம் 13,50,000னு வெச்சுக்கோங்க. லுக்கப் 12 லட்சத்துல நிக்கும், சேந்த வரி 60,000, மீதி ஒன்றரை லட்சத்துக்கு 15% 22,500, மொத்தம் 82,500. பார்முலால மூணு விலுக்கப் வரும், ஒண்ணு சேந்த வரிக்கு, ஒண்ணு எல்லைக்கு, ஒண்ணு விகிதத்துக்கு:

=விலுக்கப்(டி2,டேபிள்,2,ட்ரூ)+(டி2-விலுக்கப்(டி2,டேபிள்,1,ட்ரூ))*விலுக்கப்(டி2,டேபிள்,3,ட்ரூ)

டேபிள்னு இருக்கற எடத்துல அந்த மூணு காலத்தோட ரேஞ்சை டாலர் குறியோட போடுங்க. ரிபேட்டும் (வரித் தள்ளுபடி) செஸ்ஸும் (வரி மேல வரி) இதுக்கு அப்புறம் தனியா.

வீட்டுக் கரெண்ட் பில்லையும் இப்படிப் போடலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. போடலாம், ஆனா தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாபே வேற ஆயிரும், அதனால ரெண்டு டேபிள் வெச்சு எதைப் பாக்கணும்னு முடிவு பண்ண ஒரு ஐஎஃப் போடணும்.

டேபிள்ல அந்தப் பேரு கண்ணுக்கு நேரா இருக்கு, ஆனா #என்/ஏ வருது. ஏன்?

பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கும், ட்ரிம் போடுங்க, அது வெட்டிரும். நம்பரா இருந்தா ஒண்ணு எழுத்தா சேவ் ஆயிருக்கும், செல்லோட மூலைல சின்னதா பச்சை முக்கோணம் தெரியும்.

தமிழ்ல அடிக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கு, இதுல நான் ஒரு முழு சாயங்காலத்தை விட்டேன். "பௌடர்"னு ரெண்டு செல்லு, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, மேட்ச் ஆகல. எழுத்தை எண்ணிச் சொல்ற லென் போட்டுப் பாத்தா ஒண்ணு 5, இன்னொண்ணு 6. ஒண்ணுல ப-வும் ஔகாரக் குறியும், இன்னொண்ணுல பெ-யும் பக்கத்துல ள-வும் தனித்தனியா அடிச்சிருக்காங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு அது வேற சொல்லு. மூணாவதா ஒருத்தர் "பவுடர்"னு அடிச்சிருந்தாங்க. பேரை கையால அடிக்க விடாம டேட்டா வேலிடேஷன்ல லிஸ்ட் குடுத்து தேர்ந்தெடுக்க வெச்சதுக்கு அப்புறம்தான் நின்னுச்சு. பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஷீட்டும் யூனிகோட்ல அடிச்சதும் எப்பவுமே மேட்ச் ஆகாது, பாமினில உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, மேல போத்தியிருக்கறது மட்டும்தான் தமிழ்.

#என்/ஏ பாக்க அசிங்கமா இருக்கு, ஐஎஃப்எரர் போட்டு மறைச்சுரலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். ஐஎஃப்எரர் எல்லா எர்ரரையும் மறைக்கும், நீங்க பார்முலா பேரைத் தப்பா அடிச்சிருந்தாகூட. ஐஎஃப்என்ஏ போடுங்க, அது கிடைக்கலங்கறதை மட்டும் பிடிக்கும். அங்கயும் 0ன்னோ காலின்னோ போடாம "டேபிள்ல இல்லை"ன்னு எழுதுங்க. 0ன்னு போட்டா அது மொத்தத்துல சேந்து வரி இல்லாத பொருளாவே போயிரும்.

அப்ப ஐஎஃப் போடவே கூடாதா?

யார் சொன்னா. ரெண்டு வழி மட்டும் இருந்தா ஐஎஃப்தான் சரி. ஒவ்வொரு நிபந்தனையும் வேற வேற காலத்தைப் பாத்தாலும், அதாவது பணம் கட்டியாச்சா, சரக்கு போயாச்சா, கையெழுத்து வந்துச்சா மாதிரி, டேபிள் சரிப்படாது, ஐஎஃப்பே எழுதுங்க. ஒரே செல்லை எட்டு தடவை திரும்பத் திரும்ப கேக்கற ஐஎஃப்தான் டேபிளா மாற வேண்டியது.

பழைய ஷீட்டை மாத்த பயமா இருக்கு. எங்க ஆரம்பிக்கறது?

பழைய பார்முலாவை அழிக்காதீங்க. அதை ஒரு நோட்டுல எடுத்து எழுதுங்க, ஒவ்வொரு ஐஎஃப்புக்கும் ஒரு வரி, இடது பக்கம் எல்லை, வலது பக்கம் விடை. எழுதும்போதே பாதித் தப்பு தெரிஞ்சுரும், ஒரே எல்லை ரெண்டு தடவை வரும், இல்ல நடுவுல ஒரு ரேஞ்சே விட்டுப்போயிருக்கும். அதுதான் உங்க டேபிள்.

புது பார்முலாவை பக்கத்துல எஃப் காலத்துல போடுங்க, ஐ காலத்துல =ஈ2=எஃப்2ன்னு போட்டு கீழ வரைக்கும் இழுத்துட்டு ஃபால்ஸ் மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. எல்லையில இருக்கற நம்பரை கண்டிப்பா அடிச்சுப் பாக்கணும், 0, 20, 21, 32, 33, 90, 90.5, 91, 100, அப்புறம் ஒரு காலி செல், ஒரு "ஏபி". அந்த பள்ளிக்கூட ஷீட்ல நான் இப்படிப் பண்ணினப்ப 620 வரில 7 ஃபால்ஸ் வந்துச்சு. நாலு பேரு ஆப்சென்ட், அதுல மூணு பேரு விஷயம் அதுவரைக்கும் யாருக்குமே தெரியாது. மீதி மூணும் பழைய பார்முலால நான் 41ன்னு போட வேண்டிய எடத்துல 14ன்னு போட்டிருந்ததால 40க்குக் கீழ வாங்கியும் சி2 வாங்கின பசங்க. அந்த ஏழு கார்டையும் திரும்ப பிரிண்ட் எடுத்து, வகுப்பு டீச்சரை கூட வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி சொல்லிட்டுதான் பழைய காலத்தை அழிச்சேன்.